சித்திக்கு எந்தப் புத்தகத்தைக் குடுக்கிறது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெஹிவளைக்கு சித்தி வீட்ட போனன். சித்தி குசினி மேசையில முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தவ, நானும் பக்கத்தில இருந்து உருவினன், பத்து நிமிசம் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு தலை நிமிராமலே, "நீதானே உந்தப் புத்தகமெல்லாம் வாசிக்கிறனி, எனக்கும் ஒண்டு தா, விளங்குற மாதிரி ஒண்டு" எண்டா. எதைப் பற்றின புத்தகம் எண்டு சொல்லேல்ல. சொல்லத் தேவையும் இல்ல, ஏனெண்டா அதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல்தான் அவவிட பிள்ளை, கம்பஸ் ரெண்டாம் வருசம், சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க, "அம்மா, என்னைப் பொம்பிளைப் பிள்ளை எண்டு சொல்லேக்க அது வேற ஆரையோ சொல்லுற மாதிரி இருக்கு, ஆம்பிளை எண்டாலும் அப்பிடித்தான்" எண்டு சொல்லியிருக்கு. சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது. (பிள்ளையிட்ட கேட்டுத்தான் இதை எழுதுறன், பேர் மட்டும் போடாத எண்டு சொன்னது.)

சித்தி கணக்கு ரீச்சர், போன வருசம்தான் பென்சன் எடுத்தவ. ஒரு விசயம் விளங்கேல்ல எண்டா விளங்குற வரைக்கும் திருப்பித் திருப்பிச் செய்து பாக்கிற ஆள், அதால புத்தகம் கேட்டது எனக்கு ஆச்சரியமில்ல. ஆனா எதைக் குடுக்கிறது? வீட்ட வந்து கட்டில்ல எல்லாத்தையும் பரப்பிப் போட்டன். நாலைஞ்சு வருசமா நான் வாசிச்சதில ஒரு பக்கம் குவியர் (ஆண்-பெண் எண்ட வழமைக்குள்ள அடங்காத ஆக்களிட) காதல் நாவல்கள், மற்றப் பக்கம் தன்வரலாறுகள், நடுவில எங்கட கொழும்புக் கதை ரெண்டு. நான் ஏன் இவ்வளவு வாசிச்சு வச்சிருக்கிறன் எண்டு சித்தி கேக்கேல்ல, கேட்டிருந்தா இது வேற கட்டுரையாப் போயிருக்கும்.

முதல்ல என்ட கை போனது ரோசா அட்டைக்கு. கேசி மக்குவிஸ்டன் எழுதி 2019ல வந்த 'ரெட், வைட் அன்ட் ரோயல் ப்ளூ'. இதை நான் வாசிச்சது 2022 மார்ச் கடைசியில, நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம், வெள்ளவத்தையில நாலாம் மாடியில, ஃபானும் இல்ல காத்தும் இல்ல, போன்ல மிச்சம் இருக்கிற சார்ஜைப் பாத்துப் பாத்து. அமெரிக்க ஜனாதிபதியிட மகன் அலெக்ஸ், இங்கிலாந்து இளவரசர் ஹென்றி, ரெண்டு பேரையும் ஒரு கூரைக்குக் கீழ விடேலாது. ஒரு அரச கலியாணத்தில கொழுவிக்கொண்டு பெரிய கேக்குக்கு மேலயே விழுந்து, அந்த மானக்கேட்டை மறைக்கிறதுக்கு ரெண்டு பேரும் கனகாலக் கூட்டாளி மாதிரி நடிக்கோணும் எண்டு மேலிடத்தில இருந்து கட்டளை வந்து, நடிப்பு நடிப்பாவே இல்லாமப் போகுது. எங்கயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? எனக்கு முப்பதாம் பக்கத்திலயே பிடிபட்டிட்டுது, இது ரமணிசந்திரன். பணக்கார வீடு, முதல் சந்திப்பிலயே முறுகல், ஆருக்காகவோ போடுற நாடகம், பிறகு ஒரு பெரிய தடங்கல், கடைசியில எல்லாம் சுபம். சித்தி ஏ.எல். படிக்கேக்க பாடப் புத்தகத்துக்குள்ள வச்சு வாசிச்சது இதைத்தான், இப்பவும் அலுமாரிக்கு அடித்தட்டில முப்பது நாப்பது ரமணிசந்திரன் கிடக்கு.

ஆனா எனக்கு இந்தப் புத்தகம் செய்தது அதை விடக் கொஞ்சம் கூட. நான் முக்கால்வாசி வரைக்கும் இதில ஆர் சாகப் போறது எண்டு பாத்துக்கொண்டே இருந்தன், பழக்கதோசம், எங்கட படங்கள்ல இப்பிடி ஒரு ஆள் வந்தா ஒண்டு பகிடிக்கு, இல்லையெண்டா இடைவேளைக்குப் பிறகு சாகிறதுக்கு. இதில ஒருத்தரும் சாகேல்ல. அவங்கட ஈமெயில் எல்லாம் வெளியில வந்து உலகமே வாசிக்குது, அப்பவும் சாகேல்ல. காதல் நாவல் எண்டு சொல்லி வித்தா முடிவு நல்லா இருக்கோணும், அது எழுதாத ஒப்பந்தம், வாசிக்கிறவைக்கும் தெரியும் எழுதுறவைக்கும் தெரியும். இலக்கியம் வாசிக்கிற ஆக்கள் இதைத்தான் மட்டம் எண்டு சொல்லுறவை. எனக்கு அந்த மாசம் மட்டமானது தேவைப்பட்டுது.

சித்திக்கு இதில ஒரு நல்ல விசயம் இருக்கு, அலெக்சிட தாய். மகன் வந்து விசயத்தைச் சொன்ன உடன, அந்த மனுசி ஜனாதிபதி எல்லே, பவர்பொயின்ட் ஸ்லைட் செய்து போட்டுக் காட்டி மகனோட கதைக்கிறா. சித்தியும் அப்பிடித்தான் செய்வா, கரும்பலகை மட்டும்தான் வித்தியாசம். தடங்கல் என்னெண்டா இங்கிலீசு சரியான வேகம், அமெரிக்கப் பகிடி, அமெரிக்க எலெக்சன் கணக்கு, அதோட சில அத்தியாயத்தில கட்டிலறை விசயம் கொஞ்சம் விலாவாரியா வரும், அது சித்தியிட கைக்குப் போறதை நினைக்க எனக்குத்தான் வெக்கமா இருந்தது. எல்லாத்தையும் விட முக்கியமா, இது ஆர் ஆரை விரும்புறது எண்ட கதை. பிள்ளை சொன்னது அதில்ல. பிள்ளை சொன்னது தான் ஆர் எண்டது.

அதே ஆள் 2021ல எழுதின 'வன் லாஸ்ட் ஸ்டொப்', ரெண்டு பெட்டைகளிட கதை, நியூயோர்க் ரயில்ல சந்திக்கிற ஒருத்தி உண்மையில 1970கள்ல இருந்து காலம் தவறி வந்து அந்த ரயிலுக்குள்ளயே மாட்டுப்பட்டவள். எனக்கு முதலாவதை விட இதுதான் விருப்பம், ரெண்டு தரம் வாசிச்சன், அதுக்குப் பிறகு கோட்டை ரயில்ல ஏறினா முன் சீட்டைப் பாக்கிற வியாதியும் வந்தது. சித்திக்குச் சரிவராது. கால இயந்திரக் கதையை எல்லாம் அவ "உது நடக்காது" எண்டு மூடி வச்சிடுவா.

சரி, அரண்மனையும் நியூயோர்க்கும் வேண்டாம், எங்கட ஊரைக் குடுப்பம் எண்டு பாத்தா இங்கிலீசில எழுதுற ஷியாம் செல்வதுரை. இங்கதான் நான் கனநேரம் நிண்டன். 'ஃபன்னி போய்' 1994ல வந்தது, ஆறு கதை கோத்த மாதிரி ஒரு நாவல். முதல் கதையில சின்னப் பெடியன் ஆர்ஜி அப்பம்மா வீட்டில மச்சாள்மாரோட பொம்பிளை மாப்பிளை விளையாட்டு விளையாடுறான், எப்பவும் அவன்தான் பொம்பிளை, சீலையைச் சுத்திக் கொண்டு நிப்பான், அதைப் பெரிய ஆக்கள் கண்டாப் பிறகு, அதுவரைக்கும் தாய் சீலை கட்டுறதைப் பக்கத்தில நிண்டு பாத்தவனுக்கு முன்னால அறைக் கதவு மூடுப்படுது. இந்த இடம் எனக்கு நெஞ்சில கல்லு மாதிரிக் கிடக்குது. ஒரு அடி இல்ல, ஒரு பேச்சுப் பெரிசா இல்ல, கதவு மட்டும்தான். அந்தத் தாய் கெட்ட மனுசியும் இல்ல, ஏன் எண்டு கேட்டா அவவுக்கே மறுமொழி தெரியாது. சித்தி இதை வாசிச்சா ஒரு கதையிலயே முழுதும் விளங்கியிருக்கும் எண்டுதான் இப்பவும் நினைக்கிறன்.

ஆனா அந்தப் புத்தகம் 83 ஜூலைக் கலவரத்தில போய் முடியுது. வீடு எரியுது, குடும்பம் கனடாவுக்குப் போகுது. 83ல சித்திக்குப் பன்னிரண்டு வயசு, வெள்ளவத்தை வீட்டில இருந்து உடுத்த உடுப்போட வெளிக்கிட்டு, அகதி முகாமில இருந்து, கப்பல்ல காங்கேசன்துறைக்குப் போய் இறங்கின பிள்ளை அவ. வருசம் வருசம் ஜூலை கடைசிக் கிழமை ரீவி நியூசையே போடவிட மாட்டா. பிள்ளையை விளங்கிக்கொள்ளத் தா எண்டு கேட்ட மனுசிக்கு அவ பூட்டி வச்ச அறையிட சாவியைக் கொண்டுபோய்க் குடுக்கலாமோ? என்னால ஏலாது. (தீபா மேத்தா 2020ல எடுத்த படமும் இருக்கு, படத்தைக் காட்டலாம் எண்டு ஒரு நிமிசம் நினைச்சன், ஆனா அதில பேசுற தமிழைக் கேட்டா சித்தி கதையை விட்டிட்டு உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கிடுவா, தமிழ் ஆக்கள் கனபேர் அப்பவே அதைப் பற்றிக் குறைப்பட்டவை.)

அதுக்குப் பதிலா ஷியாம் இளம் ஆக்களுக்கு எழுதின 'ஸ்விம்மிங் இன் த மொன்சூன் ஸீ' இருக்கு, 2005. 1980 கொழும்பு, கலவரத்துக்கு முதல், தாய் தகப்பன் இல்லாத அம்ரித், பள்ளிக்கூடத்தில ஷேக்ஸ்பியர் நாடகம், கனடாவில இருந்து வாற மச்சான் நிரேஷ். இங்கிலீசு தெளிவு, மழையும் கடலும் வாசிக்க வாசிக்க மணக்கும். அறிமுகத்துக்கு ஒரு புத்தகம் கேட்டு வாற வேற ஆருக்கும் எண்டா நான் யோசிக்காம இதைத்தான் குடுப்பன். எங்கட இடத்திலயும் இப்பிடிப் பிள்ளைகள் எப்பவும் இருந்தவை, இது வெளிநாட்டு ஸ்டைல் இல்ல எண்டு அது ஒரு வசனத்திலயும் சொல்லாம முழுதாச் சொல்லுது. எண்டாலும் திரும்பவும் அதே இடத்திலதான் முட்டுது, அம்ரித் ஒரு பெடியனை விரும்புற பெடியன், அவ்வளவுதான். சித்தி இதை வாசிச்சிட்டு, "ஓ, எங்கட பிள்ளைக்கும் ஒரு பெட்டையைப் பிடிச்சிருக்காக்கும்" எண்டு கணக்கை முடிச்சு விடையைக் கீறி அடிக்கோடும் போட்டிடுவா. விடை பிழை.

அப்ப தன்வரலாறு, திருநங்கைகள், பெடியனா வளத்தும் தாங்கள் பெண் எண்டு வாழுற ஆக்கள், தாங்களே எழுதினது. தமிழிலயே இருக்கு, அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு இவ்வளவு நேரம் இங்கிலீசுப் புத்தகங்களைப் புரட்டினாப் பிறகுதான் விளங்கிச்சு. ரேவதியிட 'வெள்ளை மொழி', லிவிங் ஸ்மைல் வித்யாவிட 'நான் வித்யா', ரெண்டையும் சென்னையில இருந்து வந்த ஒரு நண்பி கொண்டந்து தந்தவ. ரேவதி தமிழில எழுதினதுதான் எண்டாலும் வ. கீதா மொழிபெயர்த்த இங்கிலீசுப் புத்தகம்தான் 2010ல முதல்ல வந்தது, தமிழ் அதுக்குப் பிறகு. நாமக்கல் பக்கத்து ஊர், முத்தம் கூட்டிக் கோலம் போட ஆசைப்படுற பெடியன், வீட்டைவிட்டு ஓடி டெல்லி, பம்பாய், அங்க குருவா ஒரு மூத்த திருநங்கை, அறுவைச் சிகிச்சை, தெரு, பொலிஸ், பிறகு வேலை, உரிமைக்காக நிக்கிறது. அண்ணன் கிரிக்கெட் மட்டையால அடிக்கிற இடத்தில நான் புத்தகத்தை மூடி வச்சிட்டு ரெண்டு நாள் எடுக்கேல்ல. திரும்ப எடுக்கேக்க கவனிச்சது என்னெண்டா அந்த மனுசி இரக்கம் கேக்கவே இல்ல, "எனக்கு இப்பிடி நடந்தது, நான் இதைச் செய்தன்" எண்டு கணக்குக் குடுக்கிற மாதிரி நேரா எழுதிக்கொண்டு போறா, அடி வாங்கினதுக்கும் ஆசைப்பட்டதுக்கும் ஒரே குரல்.

வித்யாவிட புத்தகம் சின்னன், ஒரு இருப்பில முடிக்கலாம். மகன் பிறந்திட்டான், படிச்சுக் கலெக்டராகப் போறான் எண்டு கட்டின தகப்பனிட கனவு, அந்தக் கனவுக்குள்ள மூச்சு முட்டுற பிள்ளை, மொழியியல்ல எம்.ஏ. முடிச்சும் பூனாவில ரயில்ல கைநீட்டுறது. வாசிச்சு முடிய எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை இல்ல. அந்தத் தகப்பனை நான் எங்கட சொந்தத்துக்குள்ளயே நாலு பேரிட முகத்தில கண்டிருக்கிறன், டொக்டர், எஞ்சினியர் எண்டு மட்டும் மாத்திப் போட்டா அச்சொட்டா அதே வீடு. இதை வச்சுக் கன்னடத்தில எடுத்த படத்தில நடிச்சதுக்குத்தான் சஞ்சாரி விஜய்க்கு இந்தியாவிட தேசிய விருது கிடைச்சது.

ஒரு தராசில வச்சா இந்த ரெண்டும்தான் கனம். காதல் நாவல் வாசிக்க எனக்குச் சந்தோசம், இதுகளை வாசிக்க மரியாதை வந்தது, ரெண்டும் ஒண்டில்ல. ஆனா சித்தி இதைக் கையில எடுத்தா என்ன வாசிப்பா? ரெண்டு புத்தகத்திலயும் பிள்ளை வீட்டைவிட்டுப் போகுது. தெருவில நிக்குது. சித்தியிட மனசில ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற படமே அதுதான், இரவில நித்திரை இல்லாமப் பாக்கிறதும் அதைத்தான். வீடு கதவை மூடினதாலதான் இவை தெருவுக்குப் போனவை எண்டு ரெண்டாம் தரம் வாசிக்கேக்கதான் ஒரு தாய்க்குத் தெரியும், முதல் தரம் தெரியிறது பயம் மட்டும்தான். அதோட ரேவதியும் வித்யாவும் தாங்கள் பெண் எண்டதில சந்தேகமே இல்லாத ஆக்கள். பிள்ளை அப்பிடி ஒரு கரையைச் சொல்லேல்ல.

கடைசியா மிஞ்சினது மாயா கொபாபே வரைஞ்சு எழுதின 'ஜென்டர் குவியர்', 2019. சித்திரப் புத்தகம். அமெரிக்காவில 2021, 2022, 2023 மூண்டு வருசமும் நூலகங்கள்ல இருந்து எடு எண்டு ஆகக் கூடின எதிர்ப்பு வந்தது இதுக்குத்தான் எண்டு அங்கத்தை நூலகச் சங்கம் சொன்னது. அவ்வளவு ஆட்டம் போடுற புத்தகம் எண்டு பயந்து திறந்தா உள்ளுக்க ஒரு சரியான அமைதியான, கூச்சப்படுற ஆள். ஆணுமில்ல பெண்ணுமில்ல எண்டதைச் சின்ன வயசில இருந்து தட்டித் தடவிக் கண்டுபிடிக்கிற கதை, மாதவிலக்கு வரப்போகுதே எண்ட பயம், உடுப்புக் கடை, டொக்டரிட்ட போற பயம். பிள்ளை சாப்பாட்டு மேசையில சொன்ன வசனத்துக்குக் கிட்டத்தட்ட இதுதான் உரை நூல். தாய் தகப்பனுக்கும் சொந்தக்காரருக்கும் விளங்கப்படுத்தத்தான் இதைத் தொடங்கினது எண்டு கொபாபே சொல்லியிருக்கு. சிக்கல், நாலைஞ்சு பக்கத்தில படம் கொஞ்சம் வெளிப்படையா இருக்கு. எழுத்தில எண்டா சித்தி தாண்டிப் போயிடுவா, படத்தை எப்பிடித் தாண்டுறது?

இன்னொரு சிக்கலும் இருக்கு, அதை நான் சிக்கல் எண்டுதான் முதல்ல நினைச்சன். இங்கிலீசில இருக்கிற 'ஹீ'யும் வேண்டாம் 'ஷீ'யும் வேண்டாம் எண்டு கொபாபே 'ஈ' எண்ட ஒரு எழுத்தைப் பாவிக்குது. இதைத் தமிழில சித்திக்கு எப்பிடிச் சொல்லுறது? இந்தியாவில எண்டா 'அவர்' எண்டு சொல்லி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவா முடிச்சிடுவினம். எங்கட பேச்சில 'அவர்' எண்டா ஆம்பிளை, பொம்பிளைக்கு 'அவ', மரியாதை குடுத்தாலும் பிரிச்சுத்தான் குடுக்கிறம். 'அது' எண்டு சொன்னா மிருகத்தைச் சொல்லுற மாதிரி எண்டு ஒரு பக்கம் நான் யோசிச்சுக்கொண்டு இருக்க, சித்தி போன் எடுத்து, "பிள்ளை இன்னும் வரேல்லயடி, மழை வேற, குடையும் கொண்டு போகேல்ல, சாப்பிட்டுதோ தெரியாது" எண்டா. சாப்பிட்டுதோ. பிறந்த நாள்ல இருந்து சித்தி அப்பிடித்தான் சொல்லுறவ, எங்கட அம்மாவும் என்னை அப்பிடித்தான் சொல்லுவா, யாழ்ப்பாணத்து வீடுகள்ல செல்லம் கூடினா ஆண்பால் பெண்பால் எல்லாம் போய் 'பிள்ளை வந்திட்டுது' எண்டு நிண்டிடும். நானும் இவ்வளவு நேரம் அப்பிடித்தான் எழுதிக்கொண்டு வாறன், நீங்கள் கவனிச்சீங்களோ தெரியாது.

எல்லாத்தையும் வச்சுப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் மிஞ்சிச்சு. சந்தோசமா முடியிறது எங்கட ஊரில இல்ல, எங்கட ஊரில நடக்கிறது எங்கட மொழியில இல்ல, எங்கட மொழியில இருக்கிறதுகள் சந்தோசத்துக்கு வாற வழியில ரத்தம் கிடக்கு. மூண்டும் சேந்து ஒரு புத்தகம் என்ட கட்டில்ல இல்ல. சித்தியிட உண்மையான கேள்வியும் வேற எண்டு நினைக்கிறன். போன்லயே ஒருக்கா மெதுவாக் கேட்டவ, "உதுக்குப் பொலிஸ் பிடிக்குமோ?" தண்டனைச் சட்டக் கோவையில 365, 365ஏ எண்டு ஒரே பால் ஆக்களிட உறவைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் காலத்தில வச்சது இன்னும் கிடக்கு எண்டதும், 1995ல அதைப் பெண்களுக்கும் சேத்து விரிச்சதும், அதை நீக்கிறதுக்குக் கொண்டந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு 2023 மேயில உயர் நீதிமன்றம் சொன்னதும், ஆனா அது ரெண்டு பேருக்குள்ள நடக்கிறதைப் பற்றின சட்டம், நான் ஆர் எண்டு சொல்லுறதைப் பற்றினது இல்ல எண்டதும், பால்நிலையை மாத்திப் பதியிறதுக்கு 2016ல சுகாதார அமைச்சு சுற்றறிக்கை போட்டது எண்டதும், ஆனா அதிலயும் ஆண், பெண் எண்டு ரெண்டு பெட்டிதான் எண்டதும் ஒரு காதல் நாவலிலயும் இல்ல. அதை நான் வாயால சொன்னன். சித்தி ஒரு கொப்பியில எழுதினவ, எனக்குச் சத்தம் கேட்டுது.

பிறகுதான் எனக்கு உறைச்சது, இவ்வளவு பேரையும் கட்டில்ல போட்டு நேர்முகப் பரீட்சை வச்சனே, பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்ல. வட்ஸ்அப்ல கேட்டன். சிரிக்கிற பொம்மை பத்துப் போட்டு, "ஜென்டர் குவியரைத் தாங்கோ, ஆனா முதல்ல என்னட்டத் தாங்கோ" எண்டு வந்தது. குடுத்து ஒரு கிழமையால திரும்பி வந்த புத்தகத்தை நீங்கள் பாத்திருக்கோணும். அந்த நாலைஞ்சு பக்கத்தையும் மஞ்சள் ஒட்டுத் தாளால மூடி, மேல "அம்மா இது தேவையில்ல, அடுத்த பக்கம் போங்கோ" எண்டு எழுதி, மிச்ச இடமெல்லாம் பென்சிலால பொடி எழுத்தில தமிழ். சில இடத்தில மொழிபெயர்ப்பு. சில இடத்தில "இது நானும்". ஒரு இடத்தில "இது நான் இல்ல, எனக்குச் சீலை விருப்பம்". அந்த 'ஈ' வாற பக்கத்தில, "இதுக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்கும் இன்னும் முடிவில்ல, இப்போதைக்குப் பிள்ளை எண்டே சொல்லுங்கோ".

அதோட 'நான் வித்யா'வையும் வச்சுக் குடுத்தன், ஆனா இப்ப வாசிக்க வேண்டாம், நான் வரேக்க சேந்து வாசிப்பம் எண்டு சொல்லி. பிள்ளை திருநங்கையாவோ திருநம்பியாவோ (பெட்டையா வளத்தும் தான் ஆண் எண்டு வாழுற ஆள்) தன்னைச் சொல்லியிருந்தா இந்த ஒழுங்கை மாத்தியிருப்பன், பெடியனை விரும்புற பெடியன் எண்டா அம்ரித் முதல்ல போயிருப்பான். உங்கட வீட்டுக் கணக்கு உங்களுக்கு.

நான் குடுக்காதது ஒண்டும் போயிட்டுது. புத்தகம் எடுக்க வெள்ளவத்தைக்கு வந்த அண்டு சித்தி கட்டில்ல கிடந்த ரோசா அட்டையைத் தூக்கிப் பின்பக்கம் வாசிச்சு, "இது என்ன, ரமணிசந்திரன் மாதிரி இருக்கு" எண்டு பையுக்குள்ள வச்சிட்டா. கட்டிலறை அத்தியாயத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்ல, வாய் வரேல்ல. முந்தநாள் இரவு பதினொண்டே முக்காலுக்குப் போன். பிள்ளைக்கு ஏதும் எண்டு பதறி எடுத்தா, சித்தி குரலைத் தாழ்த்தி, சித்தப்பா பக்கத்தில நித்திரையாக்கும், "இந்தப் பெடியன்ட தாய் எலெக்சன் வெல்லுறாவோ இல்லையோ? இல்ல, சொல்லாத, சொல்லாத, இன்னும் எண்பது பக்கம் இருக்கு" எண்டிட்டு வச்சிட்டா.